அடுத்திருப்பவர்: ‘நெய்பர்’ என்ற சொல்லின் கதை

அடுத்த வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டிஷ் முறைப்படி எழுத ஒன்பது எழுத்துகள் வேண்டும். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஜி, எச் இரண்டும் வாயே திறப்பதில்லை. பள்ளிக்கூடச் சொல்வதெழுதலில் பிள்ளைகளைக் கவிழ்க்கும் சொற்களில் இதுவும் ஒன்று. உச்சரிக்காத எழுத்தை எதற்காக எழுதவேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

அந்த இரண்டு எழுத்தும் ஒருகாலத்தில் ஒலித்தவை. தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒரு காற்றொலியை அவை குறித்தன. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘நாஹ்’ என்று சொல்லும்போது அந்த ஒலியைக் கேட்கலாம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தார். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கு மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. ‘நைட்’, ‘ஹை’ போன்ற சொற்களில் வரும் ஊமை எழுத்துகளும் இப்படி மிஞ்சியவைதான். இங்கே அவை ஓர் உபகாரம் செய்திருக்கின்றன. இந்தச் சொல் எந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கட்டப்பட்டது என்பதை நமக்காக வைத்திருக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ஏறக்குறைய ‘நேஆஹ்யெபூர்’. முன்பாதி ‘நேஆஹ்’, பொருள் ‘பக்கத்தில்’. பின்பாதி ‘யெபூர்’, பொருள் ‘குடியிருந்து உழுபவன்’. இரண்டு பாதிகளும் தனித்தனியே வாழ்ந்த வாழ்க்கை வேறு, சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை வேறு.

முன்பாதி: மூன்று அண்ணன் தம்பிகள்

‘நேஆஹ்’ என்பதுதான் பின்னாளில் ‘நை’ ஆயிற்று. இன்று அந்தச் சொல்லைப் பழைய செய்யுளிலும் வேதாகம நடையிலும் காணலாம். பேச்சில் ‘வெல்-நை’ என்ற தொடரில், ‘ஏறக்குறைய’ என்ற பொருளில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அதன் இடத்தைப் பிடித்தவர் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இன்று ‘பக்கத்தில்’ என்பதற்கு ஆங்கிலத்தில் முதலில் வாயில் வருவது ‘நியர்’. இது ‘நை’யின் ஒப்புமை வடிவம். ‘நை’ என்றால் பக்கம், ‘நியர்’ என்றால் இன்னும் பக்கம், ‘நெக்ஸ்ட்’ என்றால் எல்லாவற்றிலும் பக்கம். குட், பெட்டர், பெஸ்ட் என்று அடுக்குகிறோமே, அதே வரிசையில் நின்ற மூன்று சொற்கள் இவை.

‘இன்னும் பக்கத்தில் வா’ என்று ஒருவரை அழைக்கும்போது, அவர் வந்து நிற்கும் இடம் ‘பக்கம்’தான். இப்படிச் சொல்லிச் சொல்லியே ‘நியர்’ தன் ‘இன்னும்’ என்ற கூறை இழந்து வெறும் ‘பக்கம்’ ஆகிவிட்டது. வடகடலைக் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர் பேச்சிலும் ‘நேர்’ என்று இதே போன்ற ஒரு வடிவம் இருந்தது, அதுவும் துணைக்கு நின்றது. ஒப்புமைப் பொருள் போய்விட்டதால் ஆங்கிலேயருக்கு மறுபடியும் ஓர் ஒப்புமை வடிவம் தேவைப்பட்டது. ‘நியர்’ என்பதன் வாலில் இன்னொரு ‘அர்’ சேர்த்து ‘நியரர்’ என்றார்கள். வரலாற்றுக் கணக்கில் இது ‘பெட்டரர்’ என்று சொல்வதற்குச் சமம். எந்த இலக்கண ஆசிரியரும் இதைத் தவறென்று சிவப்பு மையால் சுழிப்பதில்லை.

மூன்றாமவனான ‘நெக்ஸ்ட்’ இன்னும் தொலைவு போனான். ‘எல்லாவற்றிலும் பக்கம்’ என்ற பொருளிலிருந்து ‘வரிசையில் அடுத்தது’ என்பதற்கும், அங்கிருந்து காலத்துக்கும் தாவி, அடுத்த வாரம், அடுத்த ஆண்டு என்று வேலை பார்க்கிறான். பழைய பொருள் ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ என்ற தொடரில் அப்படியே இருக்கிறது. மருத்துவமனைப் படிவத்திலும் வாரிசு விவகாரத்திலும் வரும் அந்தத் தொடருக்கு ‘மிக நெருங்கிய உறவினர்’ என்று பொருள். அதில் வரிசைக் கணக்கு ஏதுமில்லை. தமிழில் ‘அடுத்த’ என்ற சொல்லும் இந்த வழியில்தான் நடந்திருக்கிறது. அடுத்தல் என்றால் நெருங்குதல், ஒட்டியிருத்தல். ‘அடுத்த வீடு’ என்பதில் இடம், ‘அடுத்த வாரம்’ என்பதில் காலம். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பதற்குக் காரணம் கடன் வாங்கியதல்ல. வரிசையில் நிற்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அடுத்து வரும் என்ற அனுபவம் எங்கும் ஒன்றே.

பின்பாதி: இரண்டு எருதுக்காரன்

‘யெபூர்’ என்பதை இன்னும் பிரித்தால் ‘யெ’ என்பது ‘கூட’ என்ற பொருள் தரும் முன்னொட்டு, ‘பூர்’ என்பது குடில் அல்லது உறைவிடம். ஆக, கூடக் குடியிருப்பவன். நார்மன் படையெடுப்புக்கு முந்தைய இங்கிலாந்தில் இது வெறும் வர்ணனையாக இருக்கவில்லை, கிராம சமூகத்தில் ஒரு படிநிலையின் பெயராகவும் இருந்தது.

‘ரெக்டிட்யூடினெஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பழைய பண்ணை ஆவணம் ஒன்று உண்டு. ஒரு பண்ணையில் யார் யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று அது வரிசையாகச் சொல்கிறது. அதன்படி யெபூர் ஒருவன் நிலத்தில் குடியேறும்போது பண்ணையார் அவனுக்கு 2 எருதுகள், 1 பசு, 6 செம்மறி ஆடுகள், விதைத்த 7 ஏக்கர் நிலம் ஆகியவற்றையும், வேலைக்கான கருவிகளையும் வீட்டுக்கான பாத்திரங்களையும் கொடுக்கவேண்டும். பதிலுக்கு அவன் வாரத்தில் 2 நாள் பண்ணையாரின் நிலத்தில் உழைக்கவேண்டும், அறுப்புக் காலத்தில் அது 3 நாள். செப்டம்பர் இறுதியில் 10 பென்னி வரி. நவம்பரில் 23 படி அளவு பார்லியும் 2 கோழியும். ஈஸ்டருக்கு ஓர் ஆட்டுக்குட்டி, இல்லாவிட்டால் 2 பென்னி. அவன் இறந்தால் மிச்சமிருப்பதெல்லாம் பண்ணையாருக்கே. அடிமையும் இல்லை, முழுச் சுதந்திரம் உள்ளவனும் இல்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலை.

இந்தப் பட்டியலில் கவனிக்கவேண்டியது அந்த 2 எருதுகளை. அந்நாளைய இங்கிலாந்தின் கனத்த களிமண் நிலத்தைப் புரட்டும் பெரிய கலப்பைக்கு முழு ஏர் என்பது 8 எருதுகள். 1086இல் முதலாம் வில்லியம் நாடு முழுவதும் எடுத்த டூம்ஸ்டே கணக்கும் இந்த எட்டையே ஓர் ஏருக்கு அளவாகக் கொள்கிறது. கையில் இரண்டை வைத்திருப்பவன் தனியாக உழ முடியாது. நாலு பேர் மாடுகளை ஒன்றாகப் பூட்டினால்தான் ஏர் நகரும். பக்கத்துக் குடியானவனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் நிலம் தரிசுதான். ‘நெய்பர்’ என்ற சொல்லின் பிறப்பில் வெறும் சுவரொட்டிய உறவு இல்லை, ஒரே ஏரில் மாடு பூட்டிய உறவு இருக்கிறது. அதன் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

துணையில்லாமல் தனியே போன யெபூரின் கதை வேறு மாதிரி முடிந்தது. அதன் இனத்துச் சொல்லான ‘போர்’, டச்சு மொழியின் தாக்கமும் சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ‘குடியானவன்’ என்ற பொருளில் வழங்கியது. பட்டணத்துக்காரர்களின் வாயில் விழுந்து விரைவிலேயே ‘நாகரிகம் தெரியாத முரடன்’ ஆகிவிட்டது. உழுபவனைப் பட்டிக்காட்டான் என்று இளக்காரம் செய்யும் வழக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு, ஆங்கிலமும் விலக்கில்லை. டச்சு மொழியிலேயே நின்ற ‘பூர்’ தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி ‘போயர்’ என்று நமக்கு அறிமுகமாயிற்று. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் காந்தி நடாலில் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார் என்று படித்திருக்கிறோம். அந்தப் போயரின் பெயருக்கு ‘விவசாயி’ என்பதே பொருள். ஜெர்மனில் ‘பவர்’ என்றால் விவசாயி, சதுரங்கத்தில் காலாள் காயும் அதுதான். அதே ஜெர்மனில் ‘நாஹ்பார்’ என்றால் அண்டை வீட்டார்.

இந்தக் குடும்பம் பெரியது. மங்கையின் அறை, கொடிப்பந்தல் என்ற பொருள்களில் கவிஞர்கள் கொண்டாடிய ‘பவர்’ என்ற சொல் (ஆற்றலைக் குறிக்கும் சொல் வேறு) அந்தப் பழைய ‘பூர்’ என்ற குடில்தான். ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் விட்டுப்போன டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்ற ஊர்ப்பெயர்களின் ‘பி’ என்பதற்குக் குடியிருப்பு என்று பொருள். சங்கங்கள் எழுதிவைக்கும் ‘பைலா’வின் ‘பை’யும் அதே ஊர்தான், ‘ஊர்ச் சட்டம்’ என்பதே முதற்பொருள். ‘ஹஸ்பண்ட்’ என்றால் வீட்டில் குடியிருந்து நிலம் வைத்திருப்பவன். கணவன் என்ற பொருள் பின்னால் வந்தது. ‘ஹஸ்பண்ட்ரி’ என்று வேளாண்மையைச் சொல்வதில் பழைய பொருள் மிஞ்சியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொல்வேர் ஒன்று கிடக்கிறது: ‘பூ’ அல்லது ‘பு’ என்று தொடங்கி, இருத்தல், உண்டாதல், வளர்தல் என்ற பொருள்களைத் தரும் வேர். சமஸ்கிருதத்தில் அதுவே பூமி, புவனம், பவனம். நம் ஊர் உணவகப் பலகைகளில் ‘பவன்’ என்று எழுதியிருப்பதும், ஆங்கிலத்தில் ‘நெய்பர்’ என்பதன் கடைசி அசையும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘இரு’ என்ற நம் சொல் உளதாதலையும் குடியிருத்தலையும் ஒருசேரக் குறிப்பதுபோல அந்த வேரும் இரண்டையும் குறித்தது.

எழுத்துக்கூட்டலில் நடந்த ஒரு சிறு கலப்படத்தையும் சொல்லிவிடவேண்டும். ‘நெய்பர்’ என்பதன் முடிவில் பிரிட்டிஷார் எழுதும் ஓ-யு-ஆர், ‘ஹானர்’, ‘ஃபேவர்’ போன்ற பிரெஞ்சு வரவுகளைப் பார்த்து ஒட்டவைத்தது. இந்தச் சொல்லில் பிரெஞ்சு இரத்தம் ஒரு துளியும் இல்லை. அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர் தம் 1828ஆம் ஆண்டு அகராதியில் எல்லாவற்றிலும் யு எழுத்தை வெட்டியபோது இதிலிருந்தும் அது போயிற்று.

லத்தீன் வழி வந்த நெருக்கங்கள்

1066க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சும் அதன் பின்னால் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் கொட்டின. நெருக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு இரண்டாவதாக ஒரு சொற்குவியல் கிடைத்தது. அதிலும் நிலமும் நீரும்தான் அதிகம்.

‘ரைவல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இன்று போட்டியாளன் என்ற பொருள் தவிர வேறில்லை. லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் ‘ரீவாலிஸ்’. வாய்க்கால் தகராறைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீரைப் பங்குபோடுபவன் எப்படிப் போட்டியாளன் ஆனான் என்று விளக்கத் தேவையில்லை. ஆனாலும் பங்காளி என்ற பொருளும் சிறிதுகாலம் உயிரோடு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதற்காட்சியில் இரவுக் காவலுக்கு வரவேண்டிய கூட்டாளிகளை ஒரு காவலாளி இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறான். தமிழில் ‘பங்காளி’ என்ற சொல்லுக்குள் உறவும் வழக்கும் சேர்ந்தே குடியிருப்பது நமக்குத் தெரியும்.

‘அஃபினிட்டி’ இதற்கு எதிர்த்திசையில் போனது. ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை. எல்லையை ஒட்டிய நிலக்காரன் ‘அட்ஃபினிஸ்’. அதே சொல் திருமணத்தால் வந்த உறவுக்கும் பெயராயிற்று. வரப்பை ஒட்டியவர்கள் கொண்டான் கொடுத்தான் ஆவது ரோமானியக் கிராமத்திலும் நடந்ததுதானே. ‘விசினிட்டி’ என்பது ‘வீகுஸ்’ என்ற தெருவிலிருந்து வந்தது. ஒரே தெருக்காரன் ‘வீகீனுஸ்’, அவனே பிரெஞ்சில் ‘வுவாசேன்’, ஸ்பானிஷில் ‘வெசீனோ’. பிரெஞ்சு மொழியும் ஸ்பானிஷ் மொழியும் அண்டை வீட்டாரைத் தெருவை வைத்து அழைக்கின்றன, ஆங்கிலமும் ஜெர்மனும் உழவை வைத்து அழைக்கின்றன.

‘பிராக்ஸிமிட்டி’, ‘இன்டிமேட்’ இரண்டும் படித்தவர்களின் சொற்கள். முதலாவதன் மூலமான ‘ப்ராக்ஸிமுஸ்’ என்பதற்கு ‘எல்லாரிலும் பக்கத்தில்’ என்றும், இரண்டாவதன் மூலமான ‘இன்டிமுஸ்’ என்பதற்கு ‘எல்லாரிலும் உள்ளே’ என்றும் பொருள். ‘நெக்ஸ்ட்’ போலவே இவையும் உச்சத்தில் பிறந்தவை. நெருக்கத்தைச் சொல்லும் சொற்களுக்கு இது பரம்பரை வியாதி போலும். ஒருவர் ரொம்பப் பக்கம் என்று அழுத்திச் சொல்லவே எல்லாரும் விரும்புகிறார்கள். அழுத்திச் சொன்ன சொல் புழக்கத்தில் தேய்கிறது. பிறகு இன்னும் அழுத்தமான வேறொன்று தேவைப்படுகிறது.

‘க்ளோஸ்’ என்ற சொல் தமிழர் பேச்சிலும் இரண்டு விதமாக நடமாடுகிறது. ‘கடை க்ளோஸ்’ என்கிறோம், ‘க்ளோஸ் ஃபிரெண்ட்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் லத்தீனில் ‘மூடிய’ என்ற பொருள் தரும் ‘க்ளௌசுஸ்’ என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். இரண்டு பொருள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மூடிவிட்டால் அவை நெருங்கிவிடும். அந்த வழியாகத்தான் மூடியது நெருங்கியது ஆயிற்று.

உடம்பே அளவுகோல்

சொற்களுக்கு நிலம் என்றால், தொடர்களுக்கு உடம்பு. கைக்கெட்டும் இடத்தில் இருப்பது ‘அட் ஹேண்ட்’. காது கேட்கும் தொலைவு ‘இயர்ஷாட்’. மயிரிழை தப்புவதற்கு ‘ஹேர்ஸ் பிரெட்த்’. ‘ஸ்டோன்ஸ் த்ரோ’ என்பது நாம் சொல்லும் கல்லெறி தூரமேதான். லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில் கெத்செமனே நிகழ்ச்சியில் இந்த அளவு வருகிறது. ஆங்கில வேதாகமமும் தமிழ் வேதாகமமும் அதை அப்படியே வைத்திருக்கின்றன. நமக்கோ கூப்பிடு தூரமும் உண்டு.

நெருக்கம் அளவு மீறும்போது ஆங்கிலத் தொடர்களின் தொனி மாறுகிறது. ‘சீக் பை ஜௌல்’ என்றால் கன்னமும் தாடையும் உரச நெரிசலில் இருப்பது. முன்பு ‘கன்னத்தோடு கன்னம்’ என்றிருந்தது, பிறகு ஒரு கன்னத்தைத் தாடையாக்கிவிட்டார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த ‘நெக் அண்ட் நெக்’ கழுத்துக்குக் கழுத்து சமமாக ஓடும் போட்டியைச் சொல்கிறது, அங்கே நட்பு இல்லை. கையும் கையுறையுமாக இருப்பதைச் சொல்லும் ‘ஹேண்ட் இன் க்ளவ்’ முதலில் நல்ல நட்பைக் குறித்தது. இன்று செய்தித்தாளில் வந்தால் பெரும்பாலும் கூட்டுக் களவாணித்தனம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். நம் ‘நகமும் சதையும்’ அந்தச் சந்தேகத்துக்கு ஆளாகாமல் தப்பித்திருக்கிறது.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பெற்றோர் இடத்தில் நின்றவர்களைக் குறித்த ‘காட்-சிப்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய சரிவு. ‘கடவுள் வழி உறவு’ என்பது அதன் நேர்ப்பொருள். பிறகு நெருங்கிய தோழிகளுக்கு, குறிப்பாகப் பேறுகாலத்தில் கூட இருக்கும் பெண்களுக்குப் பெயராயிற்று. கடைசியில் அவர்கள் பேசியதாகப் பிறர் நினைத்த வம்பே அந்தச் சொல்லாகிவிட்டது. இன்றைய ‘காஸிப்’ அதுதான்.

இத்தனை சரிவுகளுக்கு நடுவில் ‘நெய்பர்’ மட்டும் மரியாதை குலையாமல் நின்றது. ஷேக்ஸ்பியர் காலத்து ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் விளிக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். ‘மச் அடூ அபௌட் நத்திங்’ நாடகத்தின் காவலர் டாக்பெரி தன் ஆட்களை வாய்நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறார். ‘நெய்பர்ஹுட்’ என்ற சொல்லும் 15ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது வட்டாரத்தைக் குறிக்கவில்லை, அண்டை வீட்டாரோடு இணக்கமாக நடந்துகொள்ளும் குணத்தைக் குறித்தது. குணத்தின் பெயர் பிறகுதான் இடத்தின் பெயராயிற்று. மனைவணிக விளம்பரங்களில் இன்று அந்த இடம் மட்டுமே விற்கப்படுகிறது.

வேதாகமத்தில் ஓர் இடமாற்றம்

இந்த மரியாதைக்கு முக்கியமான காரணம் வேதாகமம். தன்னைப்போல் நேசிக்கவேண்டியவர் யார் என்பதற்கு எபிரேய மூலம் சொல்வது ‘ரேஆ’, அதாவது தோழன், உடனிருப்பவன். கிரேக்கத்தில் ‘ப்ளேசியோன்’, பக்கத்தில் இருப்பவன். லத்தீனில் ‘ப்ராக்ஸிமுஸ்’, எல்லாரிலும் பக்கத்தில் இருப்பவன். நற்செய்தி நூல்களைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீனைப் பின்பற்றி ‘நேஹ்ஸ்டா’ என்று எழுதினார்கள். அது நம் ‘நெக்ஸ்ட்’தான். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் எடுத்த சொல்லும் அதற்கு நேரானது, இன்றுவரை பிறரன்புக்கு ஜெர்மன் சொல் ‘அடுத்தவர் அன்பு’ என்றே இருக்கிறது.

ஆங்கிலம் மட்டும் பாதை மாறியது. 14ஆம் நூற்றாண்டு இறுதியில் விக்ளிஃப் வழிவந்த மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘நெய்பர்’ வந்துவிட்டது. 1526இல் வில்லியம் டிண்டேலும் அதையே வைத்தார், 1611இன் கிங் ஜேம்ஸ் வேதாகமம் அதை நிலைநிறுத்தியது. பக்கம் என்ற வெறும் இட உறவைச் சொன்ன சொல் போய், கூடக் குடியிருந்து ஒரே ஏரில் மாடு பூட்டியவனின் சொல் வந்து உட்கார்ந்தது. ஏரும் எருதும் அன்றைக்குப் பலருக்கு மறந்திருக்கும், கடமையின் வாசனை மட்டும் சொல்லில் இருந்தது.

தமிழில் இது வேறு திசையில் போனது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘பிறன்’ என்கிறது. பக்கத்தில் இருப்பவன் என்ற குறிப்பே அதில் இல்லை, தானல்லாத எவனும் பிறன்தான். அந்தச் சொல்லுக்குத் தமிழ் அறநூல் மரபில் ஏற்கெனவே நல்ல இடம் இருந்தது. திருக்குறளின் 15ஆம் அதிகாரத்துக்குப் பெயரே ‘பிறனில் விழையாமை’. பத்துக் கட்டளைகளில் வரும் அதே எச்சரிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. பவர் தமிழ் இலக்கியம் அறியாதவரும் அல்லர். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் முழுவதுமாகப் பதிப்பிப்பதற்கு முன்பே, அதன் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை 1868இல் அச்சிட்டவர். இதில் இன்னொரு சுவையும் உண்டு. ‘பவர்’ என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் பொதுவாக அந்தப் பழைய ‘பூர்’ என்ற குடிலிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. ‘நெய்பர்’ என்பதன் பின்பாதியைத் தம் பெயராகக் கொண்டவர் திருத்திய நூலில் அந்தச் சொல் ‘பிறன்’ ஆயிற்று.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘பிறன்’ என்பதை விட்டு ‘அடுத்திருப்பவர்’ என்று எழுதியது. ‘அடுத்து’, ‘இருப்பவர்’ என்று பிரித்தால் பழைய ஆங்கிலத்தின் ‘நேஆஹ்’, ‘யெபூர்’ இரண்டும் அச்சு அசலாக வந்து நிற்கும். இரண்டு தமிழ்ச் சொற்களும் சரியே. ஒன்று மனித குலம் முழுவதையும் அணைக்கிறது, மற்றொன்று பக்கத்து வாசலைக் காட்டுகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘அயலவர்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘அயல்’ என்றால் அண்டை என்றும் பொருள், அந்நியம் என்றும் பொருள்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஒரு சட்ட அறிஞன் இயேசுவை மடக்கப் பார்க்கிறான். நேசிக்கவேண்டிய அந்த அண்டை மனிதன் யார் என்று வரையறை கேட்கிறான். பதிலாக வந்ததுதான் நல்ல சமாரியன் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அவனுடைய சொந்தச் சமயத்தார் இருவர் கண்டும் காணாமல் போகிறார்கள். யூதர்களுக்கு ஆகாத சமாரியன் ஒருவன் நின்று காப்பாற்றுகிறான். வீடு பக்கத்தில் இல்லை, ஊர் ஒன்றில்லை, இனம் ஒன்றில்லை. கடமையைச் செய்தவன் எவனோ அவனே அண்டையன் என்று கதை முடிகிறது.

பிரபுக்கள் சபையில் அதே கேள்வி

அந்தச் சட்ட அறிஞனின் கேள்வி 1932 மே 26 அன்று லண்டனில் மறுபடி எழுந்தது, இந்த முறை உண்மையான வழக்கு ஒன்றில். 1928 ஆகஸ்டு 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனஹு என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஒரு கடையில் இஞ்சிப் பீர் வாங்கிக் கொடுத்தார். நிறமேறிய, உள்ளே தெரியாத புட்டி. பாதி குடித்தபின் மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாகவும், அதனால் உடல்நலம் கெட்டதாகவும் அவர் தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் மீது 500 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். சிக்கல் என்னவென்றால் பணம் கொடுத்தது தோழி. டோனஹுவுக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. முகமறியாத ஒருவருக்குத் தயாரிப்பாளர் எதற்காகப் பொறுப்பேற்கவேண்டும் என்பதே எதிர்வாதம்.

பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் டோனஹுவின் பக்கம் நின்றார்கள். அவர்களில் அட்கின் பிரபு லூக்காவின் கேள்வியை நேராக எடுத்துச் சட்டத்தின் முன் வைத்தார். சட்டத்தின் பார்வையில் என் நெய்பர் யார்? நான் செய்வதாலோ செய்யத் தவறுவதாலோ மிக நெருக்கமாகவும் நேரடியாகவும் பாதிக்கப்படக்கூடியவர் யாரோ, நான் அந்தச் செயலில் இறங்கும்போதே நினைவில் வைத்திருக்கவேண்டியவர் யாரோ, அவர் என்று பதிலும் சொன்னார். நேசி என்று சமயம் சொல்வது, தீங்கு செய்யாதே என்று சட்டத்தில் சுருங்குகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கவனக்குறைவுச் சட்டத்தின் நவீன வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகு ‘பிராக்ஸிமிட்டி’ என்ற சொல்லும் சட்டத்தில் புதுப்பொருள் பெற்றது. ஆலைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஆயிரம் மைல் இருந்தாலும், புட்டியை அடைத்தவரும் குடித்தவரும் சட்டப்படி நெருங்கியவர்களே.

இந்திய நீதிமன்றங்களிலும் கவனக்குறைவு பற்றிய வாதங்களில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. மருந்து, உணவு, கட்டடம், வாகனம் என்று நாம் நம்பி வாங்கும் பொருள்களின் பின்னால் இந்தப் பழைய உழவர் சொல் நின்றுகொண்டிருக்கிறது. நம்மிடம் புழங்கும் ஆங்கிலம்-தமிழ்க் கையகராதிகளோ ‘அண்டை வீட்டுக்காரர்’ என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுகின்றன. அகராதி தொகுப்பவர்கள் இனி குறைந்தது மூன்று பொருளாவது தரவேண்டும்: அண்டை வீட்டார், சமய வழக்கில் பிறன் அல்லது அடுத்திருப்பவர், சட்ட வழக்கில் நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர். சட்டத் தமிழ் வளரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் மூன்றாவதற்குப் புதுச்சொல் தேடி அலையவேண்டியதில்லை. ‘அடுத்திருப்பவர்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தன் சொல்லுக்குக் கொடுத்த அகலத்தை நாமும் நம் சொல்லுக்குக் கொடுத்தால் போதும்.